நாட்காட்டிக் கோப்பு

அடுத்த ஆண்டின் விடுமுறை நாட்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல், ஒரே தடவையில் கைத்தொலைபேசியின் கலண்டருக்குள் சேர்த்துவிடும் சிறு கோப்பு ஒன்று உண்டு. இலங்கையின் வடக்கே வன்னியில் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவினரும் அதைத் தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். சிலர் அதைக் ‘கலண்டர் பைல்’ என்கிறார்கள், சிலர் ‘லீவு பைல்’ என்கிறார்கள். அதன் பெயரின் இறுதியில் வரும் மூன்று எழுத்துகளைக் கொண்டு ‘ஐ.சி.எஸ்’ என்பவர்களும் உண்டு. இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் பொது விடுமுறை நாட்காட்டிக் கோப்பு. நீளமாகத் தோன்றினால் நாட்காட்டிக் கோப்பு என்றாலே போதும். இந்தப் பெயரின் ஒவ்வொரு உறுப்பும் கோப்பைச் சரியாகச் செய்வதற்கே உதவும் என்பதால், சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

கலண்டர் என்பது இலத்தீனில் இருந்து வந்தது. உரோமர்கள் மாதத்தின் முதல் நாளைக் ‘கலெண்டே’ என்றார்கள். அதன் வேர் கூவி அழைத்தலைக் குறிக்கும். மாதம் பிறந்ததைப் பூசகர்கள் மக்களுக்குக் கூவி அறிவித்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது. கடனுக்குரிய வட்டி அந்த முதல் நாளில் செலுத்தப்பட வேண்டியிருந்தது. ஆகவே கடன் கணக்கு எழுதும் ஏடு ‘கலெண்டாரியம்’ எனப்பட்டது. அந்தக் கணக்கேட்டின் பெயரே பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்து இன்று நம் சுவரில் தொங்குகிறது. விழாவை முரசறைந்து அறிவிக்கும் வழக்கம் பழந்தமிழரிடமும் இருந்தது. அதற்கு விழாவறைதல் என்று பெயர்.

நாட்காட்டி என்பது நாள், காட்டி என்ற இரண்டும் புணர்ந்த சொல். திசைகாட்டி, வழிகாட்டி என்பவற்றின் வரிசையில் அமைந்தது. நாள் என்பதற்குப் பழைய தமிழில் விண்மீன் என்ற பொருளும் உண்டு. நாண்மீன் என்ற வழக்கை நினைத்துப் பாருங்கள். பஞ்சாங்கத்தையே நாட்காட்டி என்ற பொருளில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொருந்தாது. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து அங்கங்களையும் கணித்துத் தருவதே பஞ்சாங்கம். எங்கள் கோயில்களிலும் வீடுகளிலும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு மரபுகளும் வழக்கில் இருக்கின்றன. நாட்காட்டி எதையும் கணிப்பதில்லை. பிறர் கணித்ததை அல்லது அறிவித்ததைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

அடுத்தது கோப்பு. இந்தச் சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். ‘பைல்’ என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு நூல், இழை என்று பொருள். பழைய ஐரோப்பிய அலுவலகங்களில் தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்தார்கள். கோத்து வைத்த கட்டுக்கு நூலின் பெயரே ஆகிவந்தது. தமிழில் கோத்தல் என்ற வினையிலிருந்து கோவையும் கோப்பும் பிறந்தன. இலங்கை அலுவலகத் தமிழில் இரண்டுமே பழக்கமானவை. தனியாள் கோவை என்று நாம் எழுதுவதும் இந்த வழிதான். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாமலே இரு மொழிகளும் அதே கைவேலையில் இருந்து சொல்லெடுத்திருக்கின்றன. விடுமுறைக் கோப்பிலும் நாட்கள் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன.

அதைக் கணினியில் நோட்பேட் கொண்டு திறந்து பாருங்கள். எல்லாம் வாசிக்கக்கூடிய எழுத்துகள். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பதிவு. பதிவில் தொடங்கும் நாள், முடியும் நாள், தலைப்பு, ஓர் அடையாளக் குறி. இந்த வடிவத்தின் முன்னோடி 1996இல் வந்தது. இணையத் தரமாக 1998இல் வெளியிடப்பட்டு, 2009இல் திருத்தப்பட்டது. எந்த நிறுவனத்தின் செயலியாக இருந்தாலும் இதே கோப்பைப் படிப்பதற்கு அந்தத் தரமே காரணம்.

நாள் அதில் எட்டு இலக்கங்களாக எழுதப்படும். ஆண்டு, மாதம், திகதி: 20250114. இந்த வரிசை நமக்கு இன்னொரு விதத்திலும் நல்லது. இலங்கைத் தமிழர் ஜனவரியைத் தை என்றும் செப்டெம்பரைப் புரட்டாதி என்றும் சொல்லிப் பழகியவர்கள். பாடசாலை வரவு இடாப்பிலும் அப்படி எழுதியிருக்கிறோம். ஆகவே ‘தை 14’ என்று ஒருவர் செய்தி அனுப்பினால் அது ஜனவரி 14ஆகவும் இருக்கலாம், தைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் கழிந்த தைத் திங்களின் 14ஆம் நாளாகவும் இருக்கலாம். எட்டு இலக்கத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

முடியும் நாளில்தான் கையால் எழுதுகிறவர்கள் இடறுகிறார்கள். முழுநாள் பதிவில் முடிவு என்று எழுதப்படும் நாள் விடுமுறைக்குள் சேராது. அதற்கு முந்திய நாளோடு விடுமுறை முடிந்துவிடும். ஏப்ரல் 13, 14 ஆகிய இரு நாட்களையும் ஒரே பதிவாக இட்டால் முடிவு 15 என்று எழுத வேண்டும். 14 என்று எழுதினால் புத்தாண்டு நாளே காணாமல் போய்விடும்.

தமிழில் தலைப்பு இடுவதற்குத் தடை ஏதும் இல்லை. ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தாக இருந்தால் போதும். வன்னியில் இன்னும் பல அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கடிதத்திலிருந்து ‘தைப்பொங்கல்’ என்பதை நகலெடுத்துக் கோப்பில் ஒட்டினால், பெறுகிறவரின் திரையில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். இன்னொன்று: தரத்தின்படி ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாதிருப்பது நல்லது. இந்தக் கோப்பில் வழங்கும் யூ.டி.எவ்-8 என்ற ஒருங்குறி வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ‘தமிழ் சிங்களப் புத்தாண்டுக்கு முந்திய தினம்’ என்ற தலைப்பு அந்த எல்லையைத் தாண்டிவிடும். வரியை முறித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். எழுத்தின் நடுவே முறிக்கும் மென்பொருளால் சில செயலிகளில் எழுத்து சிதையும். அப்படி நேர்ந்தால் தலைப்பைச் சுருக்குங்கள், ஆங்கிலத்துக்குப் போய்விடாதீர்கள். தமிழ்ப் பிள்ளைகள் தம் திருநாளின் பெயரைத் தம் எழுத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

விடுமுறையை நாளாக எழுத வேண்டும், மணியாக எழுதக் கூடாது. இலங்கையின் நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முதல் நாள் மாலை 6.30. தொடக்கத்தை மணியோடு எழுதிவிட்டால் ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணனின் தொலைபேசி தைப்பொங்கலை முதல் நாளில் காட்டும். நேரம் இப்படிப் பிரிந்து நிற்பது வன்னிக்குப் புதிதும் அன்று. 1996இல் மின்வெட்டுக் காலத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, அதே ஆண்டிலேயே அதை அரை மணி நேரமாகக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய கணக்கிலேயே இருந்தன. 2006 ஏப்ரலில் முழு நாடும் அந்தக் கணக்குக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏ9 வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்களுக்கு அரை மணி நேரம் கூடியது அல்லது குறைந்தது. கணினிகள் வைத்திருக்கும் ‘கொழும்பு’ நேர வலயம் கொழும்பின் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. அந்தப் பத்தாண்டுகளில் வன்னியில் நடந்த ஒன்றை மணியோடு பதிகிறவர் இந்த அரை மணியை மறக்கக் கூடாது. நாளாக மட்டும் பதிந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

இனி விடுமுறை. ‘ஹொலிடே’ என்ற ஆங்கிலச் சொல் புனித நாள் என்ற பழைய தொடரின் சுருக்கம். அதற்கு நேரான தமிழ் திருநாள். விடுமுறை என்பது வேலையை விட்டிருக்கும் முறையைக் குறிக்கும். அதில் புனிதம் எதுவும் இல்லை. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்ட இரண்டையும் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது, கோப்புச் செய்கிறவருக்கு இந்தப் பிரிவு பெரிய உதவி. 2024 ஜனாதிபதித் தேர்தலை அடுத்து செப்டெம்பர் 23 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அது விடுமுறை, ஆனால் திருநாள் அன்று. மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15இல் நிறைவுபெறுகிறது. அது திருநாள், நாட்டின் விடுமுறைப் பட்டியலில் இல்லை.

பொது என்ற அடைமொழிக்கும் சட்டப் பொருள் உண்டு. 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின் வழியில் ஆண்டுதோறும் நாட்கள் அரசின் அறிவிப்பு இதழான வர்த்தமானியில் அறிவிக்கப்படுகின்றன. நம் கலண்டர்கள் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்றைப் பிரித்துக் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தைப்பொங்கல் மூன்றிலும் வரும். மகா சிவராத்திரியும் தீபாவளியும் பொது விடுமுறை, வங்கி விடுமுறை மட்டுமே. அன்று வவுனியாவில் தனியார் கடையில் வேலை செய்யும் தங்கைக்குச் சட்டப்படி விடுமுறை இல்லை. இந்த மூன்றையும் ஒரே நிறத்தில், ஒரே பெயரில் அனுப்பும் கோப்பு அவரை ஏமாற்றிவிடும். தலைப்பின் பின்னே வகையையும் எழுதுவது இரண்டு சொல் வேலைதான்.

பட்டியலில் அதிகம் வருவது முழுநிலவு நாளான போயா. ஆண்டுக்குப் 12, சில ஆண்டுகளில் 13. ‘உபோசத’ என்ற பாளிச் சொல் சிங்களத்தில் தேய்ந்து போயா ஆனது. இலங்கை அரச தமிழில் அதற்கு நோன்மதி என்ற அழகான பெயர் நிலைபெற்றுவிட்டது. நோன்பும் மதியும் அதில் சேர்ந்திருக்கின்றன. உவா, உவவு என்று சங்க காலத்திலேயே முழுநிலவு நாளுக்குச் சொல் இருந்தது. நோன்மதியே இன்று எல்லாருக்கும் விளங்கும் சொல் என்பதால் கோப்பில் அதையே இட வேண்டும் என்பேன். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. மூத்தவர்கள் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றிச் சொல்லும்போது கிழமைக் கணக்கு ஒத்துவராவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நோன்மதி நிலவைப் பின்பற்றுவதால் ‘ஆண்டுதோறும் மீள வரும்’ என்ற கட்டளையை அதற்கு இட முடியாது. பெப்ரவரி 4, மே 1, டிசம்பர் 25 ஆகியவற்றுக்கு இடலாம். தைப்பொங்கலுக்கு இட முடியாது; 2024இல் அது ஜனவரி 15, 2025இல் 14. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறை பார்த்து உறுதிப்படுபவை.

ஆகவே பெற்றுக்கொள்ளும் முறையும் முக்கியம். ஒரு தடவை கோப்பைச் செயலிக்குள் எடுப்பதற்குச் செயலிகள் ‘இறக்குமதி’ என்கின்றன. துறைமுகச் சரக்கை நினைவூட்டும் அந்தச் சொல்லைவிட உள்ளேற்றல் பொருந்தும். கூகுள் கலண்டரில் இதைக் கணினியின் உலாவியில்தான் செய்யலாம், கைத்தொலைபேசிச் செயலியில் முடியாது. உள்ளேற்றிய நாட்கள் அன்றிருந்தபடியே நின்றுவிடும். மற்ற முறையில் கோப்பின் இணைய முகவரியைச் செயலிக்குக் கொடுக்கிறோம். கோப்பு திருத்தப்படும்போது நம் நாட்காட்டியும் சற்றுத் தாமதித்தாவது திருந்தும். இதற்குச் சந்தா என்பார்கள் சிலர். சந்தா பணம் கட்டுவதைக் குறிக்கும், இங்கே பணம் இல்லை. யூடியூப் தமிழில் வரும் குழுசேர் என்பதும் இங்கே ஒட்டாது, ஏனென்றால் குழு ஏதும் இல்லை. தொடர்ந்து பெறுதல் என்றால் எவருக்கும் புரியும். வர்த்தமானி பின்னர் ஒரு நாளைச் சேர்க்கும் நாட்டில் இந்த இரண்டாம் முறையே நல்லது. கோப்பை வைத்திருப்பவர் திருத்தும்போது ஒவ்வொரு பதிவின் அடையாளக் குறியையும் மாற்றாமல் விட வேண்டும். மாற்றினால் மீண்டும் உள்ளேற்றியவர்களின் திரையில் ஒரே திருநாள் இரண்டு தடவை நிற்கும்.

வன்னிக்கென்று இருக்கும் நாட்கள் எந்த அரச கோப்பிலும் வாரா. வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல், புளியம்பொக்கணை நாகதம்பிரானின் பங்குனிப் பொங்கல், இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் எல்லாம் ஊருக்குத் தெரிந்தவை, தொலைபேசிக்குத் தெரியாதவை. சில வேளைகளில் பாடசாலைக்கு விசேட விடுமுறை தந்து, சனிக்கிழமையில் பதில் பாடசாலை வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையும் பதியப்பட வேண்டியதே. இவற்றைப் பொது விடுமுறைக் கோப்புக்குள் கலந்துவிடாமல், திருநாள் கோப்பு என்று வேறாகத் தொகுங்கள். வேண்டியவர் அதைத் தனியே தொடர்ந்து பெறட்டும். வற்றாப்பளைக்குப் பாக்குத் தெண்டல், தீர்த்தமெடுத்தல், பொங்கல் ஆகிய சடங்குகளை மூன்று தனிப் பதிவுகளாக இடலாம். ஆலயம் நாளை அறிவித்த பிறகு மட்டும் இடுங்கள். சென்ற ஆண்டின் திகதியை நகலெடுத்து இடாதீர்கள்.