முன்பாரமும் பின்பாரமும்: இழுத்துச் செல்லும் வீடு ஏன் வாலாட்டுகிறது?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை குடும்பம் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறிய பயண ட்ரெய்லர் ஒன்றை முதன்முறையாக வாங்கப் போகிறார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள குட்டி வீடு அது. பழையவை இரண்டைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் படங்களை அனுப்பியிருக்கிறார்கள். “மெத்தையும் திரைச்சீலையும் நன்றாக இருக்கின்றன. வேறு எதைப் பார்க்க வேண்டும்?” என்று வாசகி கேட்கிறார்.

பலரும் சொல்வதை முதலில் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மூலைகளிலும் ஜன்னல்களுக்குக் கீழும் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் மழைநீர் புகுந்து மரம் உக்கியிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. விளம்பரத்தில் போடுவது வெற்று எடை. தண்ணீர், எரிவாயு, சாமான் எதுவும் அதில் சேராது. 100 லீட்டர் தொட்டியை நிரப்பினால் அங்கேயே 100 கிலோ கூடிவிடும்.

ஒரு படத்தில் முட்டை வடிவத்தில் கண்ணாடியிழை ட்ரெய்லர் ஒன்று நிற்கிறது. கனடாவில் இந்த வடிவத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது போலர் என்ற ட்ரெய்லர். அதை 1968இல் வின்னிபெக் நகரில் செய்யத் தொடங்கினார்கள். மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, இரண்டும் இடுப்பில் சேரும். கூரையில் பொருத்து இல்லாததால் அங்கே ஒழுகும் வாய்ப்பும் குறைவு. நிலாவெளிக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் மீன்பிடிப் படகுகளும் கண்ணாடியிழைதான். படகு வாங்குபவர் விரல் முட்டியால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போவார்; சத்தம் மாறும் இடத்தில் கை நிற்கும். தங்கையும் அப்படியே தட்டிப் பார்க்கலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ட்ரெய்லர் வாங்கும்போது எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். மாட்டுவண்டிக்காரர்கள் இதற்கு முன்பாரம், பின்பாரம் என்று அழகான சொற்களை வைத்திருந்தார்கள். பின்பாரமான வண்டியில் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். தம்பலகாமத்தில் ஓர் அறுவடை நாளில் லேண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி ஒன்றில் நெல் மூட்டைகளைப் பின்பக்கமாக அடுக்கிவிட்டார்கள். முன்பக்கம் தூக்கத் தொடங்கியதும் ஓட்டுநர் ஒரு பையனை அழைத்துத் தன் அருகே முன்னால் உட்காரவைத்தார். பெட்டி சமநிலைக்கு வந்தது. வீதியில் மெதுவாகப் போய்விட்டது. அதே பின்பாரத்தோடு ஒரு ட்ரெய்லர் கனடாவின் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கதை வேறு.

ட்ரெய்லரை ஒரு கதவாக எண்ணிக்கொள்ளுங்கள். காரோடு சேரும் இணைப்புதான் அதன் கீல். பெரிய லொறி ஒன்று முந்தும்போது காற்று தள்ளி, அந்தக் கதவு சற்று விலகுகிறது. டயர்தான் அதைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருகிறது. தான் பார்த்திருக்கும் திசையை விட்டுச் சாய்வாக உருள நேர்ந்தால், தரையைத் தொடும் ரப்பர் முறுகிப் பக்கவாட்டில் எதிர்த்துத் தள்ளும். சாய்வுக் கோணம் கூடினால் தள்ளலும் கூடும். நடுவுக்கு வந்த ட்ரெய்லர் அங்கேயே நின்றுவிடாது, ஊஞ்சல்போல மறுபக்கம் போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதும் அதே டயர்தான்.

ஆட்டத்தின் நடுவைக் கடக்கும்போது டயர் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் 40இல் போனால் சாய்வுக் கோணம் ஏறத்தாழ 1.4 பாகை. 80இல் போனால் 0.7 பாகைதான். பக்கவாட்டு நகர்வு மாறவில்லை. முன்னோட்டம் இரட்டித்ததால் கோணம் பாதியாகிவிட்டது. ஆகவே ஆட்டத்தை அடக்கும் விசையும் பாதியாகிவிட்டது! நடுவுக்கு இழுக்கும் விசையோ வேகத்தால் குறைவதில்லை. ஊஞ்சல் அப்படியே இருக்க, அதைப் பிடித்து நிறுத்தும் கை மட்டும் வேகம் கூடக்கூடத் தளர்ந்துகொண்டே போகிறது.

ட்ரெய்லர் ஆடும்போது காரின் பின்பக்கத்தையும் இழுத்துத் தள்ளும். கார் சற்றுத் திரும்பும். அந்தத் திரும்பல் அடுத்த ஆட்டத்துக்கு உந்துதலாகப் போய்ச் சேரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்குவதைவிட ஏறுவது அதிகமாகி, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். பின்பாரம் அந்த வேக எல்லையைக் கீழே இழுத்துவிடுகிறது. காரின் பின் டயர்களை மேலே தூக்கி அவற்றின் பிடியைக் குறைப்பது ஒரு காரணம். மற்றது, இணைப்பிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆட்டத்தின் சடத்துவம், அதாவது அசைவு மாறுவதை எதிர்க்கும் தன்மை, கூடுவது. 30 கிலோ சைக்கிள்களை 3 மீட்டரில், சக்கர அச்சின் மேல் வைத்தால் கணக்கு 30 × 3 × 3 = 270; 5 மீட்டரில், வாலில் தொங்கவிட்டால் 30 × 5 × 5 = 750.

அதனால்தான் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்பின் மேல் அழுத்த வேண்டும் என்று வட அமெரிக்காவில் சொல்கிறார்கள். 900 கிலோ ட்ரெய்லருக்கு 90 கிலோவாவது வேண்டும். குளியலறைத் தராசிலேயே அளந்துவிடலாம். புது வாகனத்தின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். வீட்டாரின் மன அமைதிக்காக அதைச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழம் வைத்தாகிவிட்டது என்பதற்காகத் தராசை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியாது. நம் வயல் வீதிகளில் ஓடும் பெட்டிகளின் முன்பாரத்தை அளக்க ஒரு மாணவருக்கு ஒரு தராசும் சிறு தொகையும் போதும். இத்தகைய எளிய ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் தங்கை காரின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு முடுக்கியிலிருந்து காலை எடுக்க வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கலாம். அது ட்ரெய்லரைப் பின்னால் பிடித்திழுத்து நேராக்கும்.

இரண்டாவது படத்தில் சமையலறை வாலில் இருக்கிறது. அதற்கும் பின்னால் சைக்கிள் தாங்கி. தண்ணீர்த் தொட்டி எங்கே என்பது படத்தில் தெரியவில்லை. தங்கையைக் குனிந்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நிரப்பச் செய்து, சைக்கிள்களையும் ஏற்றி, விற்பவர் முன்னிலையிலேயே இணைப்பின் பாரத்தை அளந்த பிறகு விலை பேசட்டும்.