வெலாசிட்டி ஒன்றும் மார்க் ஷீட் இல்லை

சாஃப்ட்வேர் டீம்களில் மறுபடியும் அதே கேள்வி. “அந்த டீம் ஸ்பிரிண்டுக்கு 62 பாயிண்ட் முடிக்கிறது, நீங்கள் மட்டும் ஏன் 31-லேயே நிற்கிறீர்கள்?” வேலைகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில் இரண்டு டீமின் வெலாசிட்டி சார்ட்டையும் (ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும், அதாவது ஒரு குறுகிய வேலைச் சுற்றிலும், எத்தனை பாயிண்ட் முடிந்தது என்று காட்டுவது) அக்கம்பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு மேனேஜர் கேட்பார், டீம் ஸ்கிரம் என்ற வேலைமுறைப்படி நடக்க உதவும் ஸ்கிரம் மாஸ்டர் திருதிருவென விழிப்பார். அடுத்த ஸ்பிரிண்டிலிருந்து அந்த 31 மெல்ல 45 ஆகும். வேலை மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும்.

எத்தனை தடவை சொன்னாலும் தீராத விஷயம் இது. ஸ்டோரி பாயிண்டுக்கு, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்ணுக்கு, பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு டீம் தனக்குப் பழக்கமான ஒரு ஸ்டோரியை (ஒரு வேலைத் துண்டை) எடுத்து ‘இது 3’ என்று வைத்துக்கொள்கிறது. மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு 2, 5, 8 என்று போடுகிறது. பக்கத்து டீமின் 3 வேறு. ஒருவர் சாணால் அளக்கிறார், மற்றவர் முழத்தால் அளக்கிறார். வெறும் எண்ணைப் பார்த்தால் சாண்காரர்தான் எப்போதும் ஜெயிப்பார். 62-க்கும் 31-க்கும் நடுவே இருப்பது அவ்வளவுதானா, உண்மையிலேயே வேலை வித்தியாசமா என்பதை எந்த சார்ட்டும் சொல்லாது.

இதற்கு மருந்து என்று நினைத்து ‘ஒரு பாயிண்ட் என்றால் எட்டு மணி நேரம்’ என்று கணக்கு வைப்பவர்களும் உண்டு. மணி நேரம்தான் வேண்டுமென்றால் நேராக மணியிலேயே போட்டுவிடுங்களேன்! நடுவில் பாயிண்ட் எதற்கு?

எண்ணை டார்கெட்டாக வைத்ததும் என்ன ஆகும்? யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். பிளானிங்கில் ‘3-ஆ 5-ஆ’ என்று சந்தேகம் வந்தால் 5 பக்கம் சாய்வார்கள், அவ்வளவே. சில மாதத்தில் சார்ட் ஏறியிருக்கும், ரிலீஸ் தேதி அசைந்திருக்காது. இதைவிட மோசமான விளைவு பின்னால் வரும். பேக்லாக்கில் (இனி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில்) பழைய அளவில் மதிப்பிட்ட 200 பாயிண்ட் கிடக்கிறது என்று வையுங்கள். அதைப் புது 45-ஆல் வகுத்து, ஐந்து ஸ்பிரிண்ட் போதும் என்று கிளையண்டிடம் சொல்லிவிடுவீர்கள். உண்மையான வேகம் 31. ஏழு ஸ்பிரிண்ட் ஆகும்.

(ஸ்கிரமுக்கான கையேடான ஸ்கிரம் கைடின் 2020 பதிப்பில் வெலாசிட்டி, ஸ்டோரி பாயிண்ட் இரண்டுமே இல்லை. ‘ஸ்கிரம்படி கட்டாயம்’ என்று வாதாடுபவர்கள் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.)

வெலாசிட்டி உதவுவது ஒரே இடத்தில்: அதே டீம் தன் அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க. கடந்த ஐந்து ஸ்பிரிண்டில் 24, 31, 22, 28, 25 முடிந்தது என்றால் சராசரி 26. ஆறு பேர், பத்து வேலை நாள், மொத்தம் 60 ஆள்-நாள். இந்த முறை லீவில் 9 போகிறது, மீதி 51. அப்படியானால் 22 பாயிண்ட் எடுங்கள். முடித்துவிட்டால் பேக்லாக்கின் மேலிருந்து இன்னொன்றை இழுத்துக்கொள்ளலாம்.

ஜிரா என்ற கருவியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஸ்டார்ட் ஸ்பிரிண்ட்’ பட்டனை அழுத்தும் நொடியில் வெலாசிட்டி சார்ட்டில், எடுத்துக்கொண்ட வேலையைக் காட்டும் சாம்பல் பட்டை உறைந்துவிடும். பாயிண்ட் போடாத கார்டு (ஜிராவில் பதிந்த ஒரு வேலை) அதில் பூஜ்யம். பிறகு நுழைத்த கார்டு சாம்பலில் ஏறாது, முடிந்தால், முடித்த வேலையைக் காட்டும் பச்சையில் ஏறும். பச்சை உயரமாக நிற்பதைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன், பிளானிங் ஒழுங்காக நடந்ததா என்று கேளுங்கள். ஸ்டோரிக்குள் இருக்கும் சப்-டாஸ்க்கில் போட்ட ஸ்டோரி பாயிண்ட் வெலாசிட்டியில் சேராது. ஸ்டோரியில்தான் போட வேண்டும். கார்டுகளை நகர்த்தும் போர்டின் வலது ஓரக் கடைசி நெடுவரிசை மட்டுமே ‘முடிந்தது’. ‘டன்’னுக்கு (Done) வலப்பக்கம் ‘ரிலீஸ்டு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு, மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு ஏன் இறங்கவில்லை என்று அட்மினைத் திட்டாதீர்கள்.

பர்ன்டவுன் கோடு எட்டு நாள் மேசைபோல் கிடந்து ஒன்பதாம் நாள் செங்குத்தாக விழுகிறதா? ஸ்டோரிகள் பெரிதாக இருக்கும், அல்லது எல்லாம் டெஸ்டிங்கில் குவிந்திருக்கும், அல்லது ஸ்பிரிண்ட் முடிவில் வரும் ரிவ்யூவுக்கு முந்தின மாலைதான் எல்லோரும் கார்டை நகர்த்துவார்கள். மூன்றாவது என்றால் தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்திலேயே போர்டைத் திறந்து வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் மருந்து, ஸ்டோரியை இரண்டு மூன்று நாளில் முடிகிற அளவுக்கு உடைப்பதுதான்.

ஸ்பிரிண்ட் முடியும் நாளில், தயவுசெய்து, ‘8-ல் 5 முடிந்துவிட்டது, அதையாவது எடுத்துக்கொள்ளலாமா’ என்று பேரம் பேசாதீர்கள். முடியாதது முடியாததுதான். முழு எட்டும் அது முடிகிற ஸ்பிரிண்டில் விழட்டும், சராசரி தானே சரிசெய்துகொள்ளும். டெஸ்டிங் பாக்கி இருக்கும் கார்டை ‘டன்’னில் தள்ளுவதும், முடிவு தேதியை இரண்டு நாள் நீட்டுவதும் வேண்டவே வேண்டாம். பத்து நாள் ஸ்பிரிண்டும் பன்னிரண்டு நாள் ஸ்பிரிண்டும் கலந்த சராசரியை வைத்து எதைத் திட்டமிடுவீர்கள்?

மேனேஜர்களுக்கு: பார்க்க வேண்டியது வேறு. ஸ்பிரிண்ட் கோல் நிறைவேறியதா? ரிலீஸுக்குப் பின் எத்தனை பக் திரும்பி வந்தது? எந்தக் கார்டு எத்தனை நாளாக, யாருக்காகக் காத்துக் கிடக்கிறது? கார்டைத் திறந்தால் ஸ்பிரிண்ட் ஃபீல்டில் அது தாண்டிவந்த பழைய ஸ்பிரிண்டுகளும் தெரியும். இரண்டைத் தாண்டியிருந்தால் மூன்றாவதற்குத் தள்ளாதீர்கள். டீமோடு உட்கார்ந்து உடையுங்கள், இல்லையென்றால் பேக்லாக்குக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.