மேற்கே கறுத்தால்

சித்திரை, வைகாசியில் நாங்குநேரிப் பக்கம் நின்று சாயங்காலம் மேற்கே பார்த்திருக்கிறீர்களா? மத்தியானம் வரை கண் கூசும் வெயில். மூன்று மணிக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் பால் பொங்குவது மாதிரி எழும். அடி கறுத்திருக்கும், தலை மட்டும் வெயிலில் மினுங்கும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அவசரப் பிரிவில் டூட்டி என்றால் மட்டும் அதே மேகம் வயிற்றைக் கலக்கும்.

அப்படி ஒரு மாலையில் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தூறலுக்கு ஒற்றைப் பனையடியில் ஒதுங்கியவர். காயம் பெரிதாக இல்லை, நாடியும் இல்லை. விழுந்ததும் யாராவது நெஞ்சை அமுக்கினீர்களா என்று கேட்டேன்.

“இல்ல சார். மின்னல் பாஞ்ச ஒடம்பு, தொட்டா நமக்கும் அடிக்கும்னு சொன்னாவ. தள்ளியே நின்னோம்.”

கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

மின்கம்பியைப் பிடித்துக் கிடப்பவரைத்தான் தொடக்கூடாது. இடி விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்காது. இமைப்பதற்குள் மண்ணுக்குள் போய்விடும். அந்த அதிர்ச்சியில் இதயமும் மூச்சும் சேர்ந்து நிற்கும். இதயம் பல நேரம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும், மூச்சு வராது. மூச்சில்லாததால் இதயம் இரண்டாம் முறை நிற்கும். உயிர் போவது பெரும்பாலும் அப்போதுதான். எனவே உடனே 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். பழகியவர் இருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதட்டும். பல பேர் விழுந்துகிடந்தால், முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். பேச்சுமூச்சில்லாதவரிடம் முதலில் ஓடுங்கள். மற்ற விபத்துகளில் நாங்கள் செய்வதற்கு இது நேர்மாறு.

ஒற்றைப் பனையில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். தரைவழியாகவும் பரவி ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். ஆடு மாடுகளுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளியிருப்பதால்தான் மந்தையாகச் சாகின்றன.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர். கணக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து போடக்கூடாது, உள்ளே போய்ப் போடுங்கள். இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். காரை வீடு, பஸ், கதவடைத்த கார் நல்லது, ஓலைக்குடிசை உதவாது. கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுங்கள். “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்வதில் தப்பில்லை, சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய்விடுங்கள்.

அப்புறம், “ஒண்ணுமில்ல” என்று எழுந்து நடப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கலாம். சிலருக்குத் தோளில், முதுகில் பெரணி இலை வரைந்தது போலச் சிவப்புக் கோலம் விழுந்திருக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஓரிரு நாளில் தானே மறைந்துவிடும், அதற்குக் களிம்பு தேட வேண்டாம். முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும்.