ஃபோர்க் என்னும் கவை

மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் திறமூல மென்பொருள் உலகில் ‘ஃபோர்க்’ என்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு திட்டத்தின் மூலநிரலை முழுவதுமாக எடுத்துக்கொண்டு, வேறு பெயரில், வேறொருவர் பொறுப்பில், அதைத் தனி வழியில் வளர்ப்பது என்று பொருள். இதற்கு மூல ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த அனுமதியை உரிமமே முன்கூட்டித் தந்துவிடுகிறது. மூல ஆசிரியரே தம் பழைய நிரலை இப்படி எடுக்க நேர்ந்த கதையும் உண்டு. சொல்லின் முழுப் பொருளும் அதில்தான் விளங்கும்.

‘ஃபூர்க்கா’ என்னும் இலத்தீன் சொல் இருமுனைக் கோலைக் குறித்தது. வைக்கோல் அள்ளும் கோலுக்கும், உணவுமேசையின் முள்கரண்டிக்கும், இரண்டாகப் பிரியும் சாலைக்கும் ஆங்கிலம் அதிலிருந்தே பெயர் எடுத்தது. கணினித்துறையில், ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இரண்டாகப் பிரிந்து ஓடுவதைக் குறிக்க மெல்வின் கான்வே 1963இல் இச்சொல்லைக் கையாண்டார். யுனிக்ஸ் இயங்குதளத்தில் இன்றும் அதே பெயரில் ஓர் அழைப்பு, அதாவது நிரல் இயங்குதளத்துக்கு இடும் ஒரு கட்டளை, உண்டு. அதை இயக்கியதும் தாய்ச் செயல்முறையைப் போலவே ஒரு சேய் தோன்றும். தாய்க்குச் சேயின் எண் விடையாகக் கிடைக்கும், சேய்க்குச் சுழியம் கிடைக்கும். தான் தாயா சேயா என்பதை நிரல் அறிந்துகொள்வது இதனால்தான். திட்டங்கள் பிரிவதற்கு இச்சொல் பிற்பாடு, பெரும்பாலும் 1990களில், பரவலாயிற்று.

முதலில் சொன்ன கதைக்குரிய மைக்கேல் விடேனியஸ் பின்லாந்தின் எல்சின்கியில் 1962இல் பிறந்தவர். சுவீடிய மொழி பேசும் பின்லாந்துக்காரர். ‘மான்ட்டி’ என்றால்தான் பலருக்குத் தெரியும். டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோருடன் சேர்ந்து 1995இல் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கினார். பெயரின் முன்பாதி அவருடைய மூத்த மகளின் பெயர். 2000இல் அது ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தது. நிரலை யாரும் எடுத்து மாற்றலாம், ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கினால் மூலநிரலோடு அதே உரிமத்தில் வழங்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் விதி. நிரல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க, நிறுவனம் பிழைத்தது இரட்டை உரிமத்தால்: ஜிபிஎல் விதிகளுக்குக் கட்டுப்பட விரும்பாத வணிகர்களுக்கு அதே நிரலைத் தனி உரிமத்தில் விலைக்கு விற்றார்கள். நிரல் முழுவதன் பதிப்புரிமையும் நிறுவனத்தின் கையில் இருந்ததால்தான் இந்த வணிகம் நடந்தது.

2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கணினி நிறுவனம் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் விடேனியஸ் சன்னிலிருந்து விலகினார். ஏப்ரலில், சன்னையே ஆரக்கிள் வாங்கப்போகும் செய்தி வந்தது. தரவுத்தளச் சந்தையின் பெரிய முதலாளியிடம் தன் படைப்பு போய்ச் சேர்வதைத் தடுக்க அவர் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டார், இணையத்தில் கையெழுத்துத் திரட்டினார், பலிக்கவில்லை. 2010 சனவரியில் கைமாற்றம் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர் மைஎஸ்கியூஎல்லை ஃபோர்க் செய்து, இளைய மகளின் பெயரில் மரியாடிபி என்ற தரவுத்தளத்தைத் தொடங்கியிருந்தார். விற்றுவிட்ட பொருளை அவர் சட்டப்படியே திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது, தாம் ஊருக்குக் கொடுத்திருந்த உரிமம் ஊரில் ஒருவராகத் தமக்கும் செல்லுபடியானதால்.

எல்லாம் திரும்பி வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற வணிகக்குறி ஆரக்கிளிடம் நின்றது. அதைவிடப் பெரிய இழப்பு, பதிப்புரிமையும் அங்கேயே நின்றது. ஆகவே பழைய இரட்டை உரிம வணிகத்தை மரியாடிபி நடத்தவே முடியாது. சேவையும் பராமரிப்பும் விற்றுத்தான் வாழ வேண்டியிருந்தது. பிற்பாடு, மைஎஸ்கியூஎல் நிரலிலிருந்து வராத மேக்ஸ்ஸ்கேல் என்னும் துணைக் கருவியின் இரண்டாம் பதிப்பை, 2016இல், குறித்த காலம் வரை வணிகப் பயன்பாட்டுக்கு வரம்பு விதித்து, அதன்பின் ஜிபிஎல்லாக மாறும் ஓர் உரிமத்தில் மரியாடிபி நிறுவனம் வெளியிட்டது. அந்த வரம்பு நீங்கும்வரை அதைத் திறமூலம் என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து. ஃபோர்க் நிரலைத் தருமே ஒழிய வருவாய்க்கு வழி தராது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரிவு ஒரே நாளில் முடிந்துவிடுவதுமில்லை. மரியாடிபியின் பதிப்பு எண்கள் முதலில் 5.1, 5.5 என்று மைஎஸ்கியூஎல்லை ஒட்டியே சென்றன. இரண்டும் வேறாகிவிட்டன என்று காட்ட, பின்னர் 10.0க்குத் தாவின. கட்டளைவரியிலோ மரியாடிபியைத் திறக்கவும் பழைய பெயரையே தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். 10.5ஆம் பதிப்பில்தான் அசல் கோப்பு புதிய பெயருக்கு மாறி, பழைய பெயர் அதைச் சுட்டும் வெறும் இணைப்பாயிற்று.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? தானியங்கி மொழிபெயர்ப்புகள் சில வேளை ‘முள்கரண்டி’ என்று எழுதிவிடுகின்றன, அதை விட்டுவிடலாம். ‘கிளை’ பொருத்தமாகத் தோன்றினாலும், ஒரே திட்டத்துக்குள் ஒரே பொறுப்பாளரின்கீழ் தற்காலிகமாகப் பிரியும் ‘பிராஞ்ச்’சுக்கு அது தேவைப்படுகிறது. ‘நகல்’ என்றால் பிற்பாடு தனித்து வளரும் வாழ்வு விடுபட்டுப்போகும். கவை என்பதே சரியான சொல். இரண்டாகப் பிரியும் கொம்புக்கும் கோலுக்கும் அது பழைய பெயர். சங்கப் பாடலில் வரகின் கதிர் ‘கவைக்கதிர்’ எனப்படுகிறது. கவையில் அடிமரம் ஒன்று, பிரிந்த இரு கொம்புகளும் தத்தம் போக்கில் வளர்பவை. இது தாய், இது சேய் என்று பிரிவிடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் இன்று நிற்கும் நிலை அதுவே.

வினைச்சொல்லில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். பாதை பிரிவதைக் குறிக்கப் பழந்தமிழில் கவர்த்தல் உண்டு; மதுரைக்குச் செல்லும் வழி சூலத்தின் முனைகள்போல மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் ‘அருநெறி கவர்க்கும்’ என்கிறது. ஆனால் இன்று ‘கவர்த்தார்’ என்று எழுதினால் ‘கவர்ந்தார்’ என்று படித்துவிடுவார்கள். ஃபோர்க் செய்பவர்கள்மீது வழக்கமாக வீசப்படும் திருட்டுப் பழியை நாமே எழுத்துப்பிழையால் சுமத்தியதாகிவிடும். எனவே ‘கவைபிரித்தல்’ என்று விரித்துச் சொல்வது நல்லது: ‘விடேனியஸ் மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபியைக் கவைபிரித்தார்.’

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ‘ஃபோர்க்’ என்ற பெயருடைய பொத்தான் இந்தப் பொருளில் வருவதில்லை. அங்கே பலர் அதை அழுத்துவது பிரிந்துபோக அல்ல, திருத்தம் செய்து மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பத்தான். அந்த இடத்தில், தனக்கென எடுத்த படி என்ற பொருளில், ‘தன்படி’ என்று எழுதினால் போதும். கவையை உண்மையான பிரிவுக்கு வைத்துக்கொள்ளலாம்.