கையைப் பார்த்து அடிக்கும் இலைத்தாளக்காரர்

மண்டைக்காட்டு மாசிக் கொடை முடிந்த மறுவாரம், சிங்காரி மேளம் என்ற செண்டை வாத்தியக் குழுவின் ஆசான் ஒருவர் தம் செட்டில் இலைத்தாளம் (வெண்கலத் தாளத் தகடுகள்) போடும் இளைஞனை நாகர்கோவிலில் உள்ள என் செவித்திறன் பரிசோதனை அறைக்கு அழைத்து வந்தார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். வயது இருபத்தாறு. "எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது சார். ஆசான் வற்புறுத்தினார் என்றுதான் வந்தேன்" என்றான். ஆசான் குறுக்கிட்டார். "இவன் இப்போதெல்லாம் கேட்டு அடிப்பதில்லை சார். என் கையைப் பார்த்து அடிக்கிறான். ஊர்வலத்தில் ஜெனரேட்டர் நின்று தெரு இருட்டானால் இவன் தாளம் தடுமாறிவிடுகிறது."

வாத்தியக்காரர்களின் காதுகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறேன். இந்தக் குறைபாட்டை இவ்வளவு துல்லியமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சத்தம் புகாத சிறு அறையில் அவனை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். தாழ்ந்த ஒலிகள் எல்லாவற்றுக்கும் உடனே அழுத்தினான். ஒலியின் சுருதி ஏற ஏற அழுத்தம் தாமதமானது. 4000 ஹெர்ட்ஸ் வந்தபோது நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறேன், அவன் கண்ணாடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருக்கிறான். வரைபடத்தில் சமமாக வந்த கோடு அந்த இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் கொஞ்சம் மேலேறியது. பெருஞ்சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது.

அவன் பொய் சொல்லவில்லை. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, பலமானது. அது அவனுக்குக் கேட்கிறது. ஆகவே, பேச்சுக் குரல் காதில் விழுகிறது. ஆனால் 'பத்து' என்பதையும் 'கத்து' என்பதையும் பிரித்துக் காட்டும் வல்லின ஓசை மெலிதானது. அதைத்தான் இழந்திருக்கிறான். அமைதியான வீட்டில் இட்டுநிரப்பிப் புரிந்துகொள்கிறான். நாலு பேர் பேசும் கல்யாணப் பந்தலில் திணறுகிறான். கூட வந்திருந்த அவன் அம்மாவிடம் கேட்டேன். டி.வி. சத்தத்தைப் பற்றி வீட்டில் தினமும் சண்டை என்றார்.

நானும் பதினேழு வயதில் எங்கள் ஊர் பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசித்தவன். தனியாக வீட்டு மாடியில் வாசித்ததற்கும், பதினைந்து பேரோடு தேருக்கு முன்னால் நடந்து வாசித்ததற்கும் இருந்த வித்தியாசம் இன்னும் உடம்பில் இருக்கிறது. பக்கத்தில் கிளாரினெட் வாசிப்பவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். வில்லுப்பாட்டு மேடையில் கவனித்திருப்பீர்கள்: புலவர் ஒரு வரியை இழுக்கும்போதே குடக்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் அது எங்கே முடியும் என்று தெரியும். பின்பாட்டுக்காரர்களின் 'ஆமா' அரை நொடி தவறாமல் வந்து விழும். சேர்ந்து வாசிப்பது என்பதில் முக்கால்வாசி கேட்பதுதான். அந்தச் சுகத்தை அனுபவித்தவன் என்பதால், எந்த நோயாளியிடமும் 'மேளத்தை விட்டுவிடு' என்று நான் சொல்வதில்லை.

ஆனால் சத்தம் முதலில் தின்பது அந்தக் கேட்கும் திறனைத்தான். செண்டையில் கோல் படும் கணத்தில் எழும் 'டக்' என்ற கூர்மை உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அதன் பின்னால் வரும் முழக்கம் தாழ்ந்தது. உருட்டுச் செண்டையின் கோர்வையையும் வீக்கன் செண்டையின் அடித்தாளத்தையும் காது பிரித்து எடுப்பது பெரும்பாலும் அந்தக் கூர்மையை வைத்து. அது போய்விட்டால் மேளம் மொத்தமும் ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். அப்போது கண் வேலைக்கு வருகிறது. இலைத்தாளம் போடுகிறவனுக்கு இன்னொரு கேடு: வெண்கலத் தகடுகளின் கிணுகிணுப்பு அவன் முகத்துக்கு எதிரிலேயே வெடிக்கிறது.

உட்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள சுமார் பதினைந்தாயிரம் மயிரிழை செல்கள்தான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. பிறக்கும்போது வந்தவை அவ்வளவுதான். செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. மாத்திரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. காதில் எண்ணெய் விடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சத்த அளவில் 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்சார் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு. 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிடம். முழு வேகத்தில் அடிக்கும் மேளத்தின் நடுவே நிற்பவர்களுக்குச் சத்தம் 100ஐத் தாண்டுவது சாதாரணம். நம் ஊரில் தேர்ப்பவனி எத்தனை மணி நேரம் நடக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"முதல் வருடம்தான் காது இரைந்தது சார், அப்புறம் பழகிவிட்டது" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது. காது பழகுவதில்லை. ஊர்வலம் முடிந்த இரவில் சில்வண்டு கத்துவதுபோல் உள்ளே இரைவதும், காதில் பஞ்சடைத்த மாதிரி இருப்பதும் செல்கள் களைத்துப்போனதன் அடையாளம். முதல் வருடங்களில் ஓரிரு நாளில் சரியாகிறது. மறுபடி மறுபடி நடந்தால் சரியாகாமலே நின்றுவிடுகிறது. இரைச்சலோ அடைப்போ இரண்டு நாளில் அடங்காவிட்டாலும், ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டாலும், திருவிழா முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, அருகிலுள்ள காது மருத்துவரிடமோ உடனே போங்கள். திடீர் மந்தத்துக்கு முதல் சில நாட்களுக்குள் கொடுக்கும் மருந்துதான் அதிகம் பலன் தரும்.

பலர் காதில் பஞ்சு வைக்கிறார்கள். அது தடுக்கும் சத்தம் சொற்பம். தொழிற்சாலைகளில் தரும் நுரை அடைப்பான் நன்றாகத் தடுக்கும். ஆனால் உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாக அடைத்துவிடுவதால் மேளம் மங்கலாகக் கேட்கும், பத்து நிமிடத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே ஒலி வடிகட்டி பொருத்திய காது அடைப்பான்கள் உண்டு. எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால், மேளம் அதே மேளமாக, சற்றுத் தள்ளி நின்று கேட்பதுபோல் இருக்கும். சரியாகப் பொருந்திய அடைப்பான் 15 டெசிபல் குறைத்தால் 100 என்பது 85 ஆகிறது. பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகிறது! இந்தக் கணக்கை அந்த ஆசானுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலப் பயிற்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஐப்பசி, கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் சுசீந்திரம் மார்கழித் தேருக்கும் முன்பாகப் பயிற்சி மும்முரமாகும் நேரத்தில், மைதானம் நனைந்து, எல்லோரும் தகரக் கூரை போட்ட ஹாலுக்குள் போய்விடுகிறார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. செண்டை கற்பவர்களைக் கருங்கல்லில் புளியங்கோலால் அடித்துப் பழகவைப்பது பழைய முறை. மணிக்கட்டு உறுதிப்படுவதற்காக ஏற்பட்டதுதான், ஆனாலும் அது காதையும் காத்தது. மழை நாளில் பாதி நேரம் கல்லில் அடியுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், இலைத்தாளக்காரரை இரவுக்கிரவு இடம் மாற்றி நிறுத்துங்கள். பத்து வயதுப் பிள்ளைகளைச் செட்டில் சேர்க்கிற ஊர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அடைப்பான் வாங்கித் தராமல் கோலைக் கையில் கொடுக்காதீர்கள்.

சோதனைக்கு வருபவர்கள் முந்தைய நாள் மாலையிலிருந்தே மேளம், ஹெட்செட் எல்லாவற்றிலிருந்தும் விலகியிருந்துவிட்டுக் காலையில் வரவேண்டும். களைத்த காதைச் சோதித்தால் உண்மை நிலை தெரியாது. வரைபடத்தைப் பத்திரமாக வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த இளைஞன் இழந்ததை மீட்க என்னால் முடியவில்லை. அடைப்பானோடுதான் இப்போது நிற்கிறான். இலைத்தாளத்தைக் குறைத்துக்கொண்டு வீக்கன் செண்டைக்கு மாறியிருக்கிறான். ஆசான் புரட்டாசியில் ஒரு வேன் பிடித்து மீதிப் பதினோரு பேரையும் காலை எட்டு மணிக்கே கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். எல்லோரும் முடிந்த பிறகு, "ஆசான், நீங்கள்?" என்றேன். முப்பது வருடம் செண்டையின் பக்கத்தில் நின்றவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணாடி அறையின் கதவை அவரே திறந்தார்.