இணைகோடு: சேராத கோட்டுக்கு ஏன் இந்தப் பெயர்?

"இணைந்தால் ஒட்டிக்கொள்ள வேண்டாமா சித்தப்பா? கடைசிவரை ஒட்டாத கோட்டுக்குப் போய் இணைகோடு என்கிறார்களே!" என்று கேட்டாள் அண்ணன் மகள். நியாயமான கேள்விதான்.

அவள் 'இணைதல்' என்ற வினையை நினைத்துக் குழம்பினாள். இங்கே 'இணை' பெயர்ச்சொல். சோடி, ஒப்பு என்று பொருள். இறைவனின் 'இணையடி' என்னும்போது இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒட்டிப்போய்விடவில்லை. 'இணையற்ற' என்பதிலும் இதே இணைதான்.

ஆங்கிலத்தின் 'பேரலல்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பாரா' என்றால் பக்கத்தில். 'அல்லேலோன்' என்றால் ஒன்றுக்கொன்று. ஒரே தளத்தில், இருபுறமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத நேர்கோடுகள் என்று யூக்ளிட் தம் முதல் நூலின் 23ஆம் வரையறையில் சொல்கிறார். இலங்கைப் பாடநூல்களில் இதே கோடுகள் 'சமாந்தரக் கோடுகள்'. சம அந்தரம், அதாவது சம இடைவெளி. வடசொல்தான்; ஆனால் அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளைக்கு என் அண்ணன் மகளின் சந்தேகம் வராது. நம் இயற்பியல் நூலோ மின்சுற்றில் வரும் 'பேரலல்' இணைப்பைப் 'பக்க இணைப்பு' என்கிறது. 'பாரா'வுக்கு நேரான சொல் 'பக்கம்' அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அதில் வரும் 'இணைப்பு' மட்டும் உண்மையிலேயே ஒட்டுகிற இணைப்பு! இருந்தாலும் கணக்குக்கு 'இணைகோடு' போதும் என்பேன். சொல் சிறியது, எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ள இணைகரம் வரை கூடவே வருகிறது.

வரைவதற்கு மூலைமட்டம் வேண்டும். கொத்தனாரும் தச்சரும் மூலை பார்க்க வைத்திருக்கும் கருவியின் பெயரையே பள்ளி வடிவியல் பெட்டியில் இருக்கும் முக்கோணக் கருவிக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைக் கோட்டின்மேல் பொருத்தி, இன்னொரு விளிம்பை ஒட்டி அளவுகோலை வைத்து, இடக்கையால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை மட்டும், புதிய கோடு போக வேண்டிய புள்ளிவரை நகர்த்திக் கோடு போடலாம். கோணம் மாறாமல் நகர்வதால், அளவுகோலோடு இரண்டு கோடுகளும் செய்யும் ஒத்த கோணங்கள் சமம். அதனால் கோடுகள் இணை.

முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இப்படி ஓர் இணைகோடு போடச் சொன்னேன். அடியிலுள்ள இரண்டு கோணங்களும் மேலே ஏறி உச்சிக்கோணத்தின் இருபுறமும் உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோடு, 180 பாகை. அடிக்கோணத்துக்கும் மேலே ஏறிய அதன் சோடிக்கும் 'ஒன்றுவிட்ட கோணங்கள்' என்று பெயர். ஒன்றுவிட்ட அண்ணன் என்கிறோமே, அதே 'ஒன்றுவிட்ட'.

அவள் பாகைமானி வைத்துப் பார்த்தாள். அடியில் 52, மேலே அதன் சோடி 50. நடுவில் அளவுகோல் நழுவியிருக்கிறது.