மம்பட்டி: கப்பலேறித் திரும்பிய சொல்

தாத்தாவின் மம்பட்டி இன்னும் இலங்கை மலையகத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் அடுப்படி மூலையில் சாய்ந்திருக்கிறது. கான் என்னும் வடிகால் வெட்டி வெட்டியே அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. பிடி நுழையும் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்த்தால் ஒரு முதலையின் வால் மட்டும் விரலில் தட்டும். தலை எப்போதோ போய்விட்டது. பிடி ஆடினால் தாத்தா ஆப்புத் தேட மாட்டார். இரவில் பீலித் தண்ணீரில், அதாவது குழாய்வழி விழும் ஊற்றுத் தண்ணீரில், ஊறப்போடுவார். விடிந்து பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, புறப்படும்போது மரம் ஊதிப் பிடி இறுகியிருக்கும்.

பள்ளிக்கூடக் கட்டுரையில் 'மம்பட்டி' என்று எழுதிச் சிவப்புக் கோடு வாங்கியவன் நான். "இது துரைமார் சொல், மண்வெட்டி என்று எழுது" என்றார் வாத்தியார். மண்வெட்டி என்றது சரி. துரைமார் சொல் என்றதுதான் பிழை. ஆனாலும் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

மண்ணை வெட்டுவது மண்வெட்டி. அதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் வகரத்துக்கு உதடு முன்கூட்டியே தயாராகிவிடுவதால் ணகர ஒற்று மகர ஒற்றாகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் வகரமும் பகரமாக இறுகிவிடுகிறது. அப்படிப் பிறந்ததுதான் மம்பட்டி. தமிழ்நாட்டில் மம்மட்டி, மம்முட்டி என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வெள்ளைக்காரரின் மண்வாரி காலால் மிதித்துக் குத்துவது. நம்முடையது தலைக்கு மேல் ஓங்கி, வெட்டி, தன் பக்கமாக இழுப்பது. களை கொத்தும் சிறு கருவி அவர்களிடமும் உண்டு, ஆனால் மலைச்சரிவில் கானும் குழியும் வெட்ட அது எம்மாத்திரம்! அதனால் கருவியோடு பெயரையும் எடுத்துக்கொண்டு 'மமோட்டி' என்று எழுதினார்கள். 1886 இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி, இது தமிழ் மண்வெட்டியிலிருந்து வந்தது என்றே பதிந்திருக்கிறது.

தோட்டங்கள் பெருகக் கருவியின் தேவையும் பெருகியது. இங்கிலாந்தின் பர்மிங்காம், வூல்வர்ஹாம்டன் பக்கத்து இரும்புப் பட்டறைகள் ஒவ்வொரு காலனிக்கும் அந்தந்த ஊர் வாகில் வெட்டுக் கருவிகள் அடித்து அனுப்பின. அவற்றில் வூல்வர்ஹாம்டனின் சில்லிங்டன் கம்பெனிக்கு முதலைதான் சின்னம். படிக்கத் தெரியாதவரும் அலகைப் பார்த்தே மார்க்கை அறிந்துகொள்ளலாம். தாத்தாவும் அப்படித்தான், 'முதலை மார்க்' என்பார்; கம்பெனியின் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஆக, நம் வாயிலிருந்து போன சொல் இங்கிலீசுச் சரக்கின் பெயராகத் தோட்டத்துச் சாமான் அறைக்குத் திரும்பி வந்தது. வாத்தியார் பார்த்தது அந்தத் திரும்பி வந்த கோலத்தை.

இதில் ஒரு வேடிக்கை. அதே கட்டுரையில் 'அலவாங்கு' என்றும் எழுதியிருந்தேன். அதற்குக் கோடு விழவில்லை. அதுவோ அசல் போர்த்துக்கீசம்: நெம்புகோலைக் குறிக்கும் 'அலவாங்கா'. சிங்களத்திலும் அது 'அலவங்குவ' ஆகிவிட்டது. நெம்பும் பொருளில் நெம்புகோல், குழி தோண்டும் இரும்புக் கம்பிக்குக் கடப்பாரை என்பவை நல்ல தமிழ். எழுதும்போது நான் கடப்பாரை என்றே எழுதுகிறேன். லயத்தில் போய் "கடப்பாரையைக் கொஞ்சம் தாங்க" என்று கேட்டால் மட்டும், "எது, அலவாங்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார்கள்.